மனு எங்கே போய்ச் சேருகிறது?

கேள்வி இது: "சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, வரியும் கட்டுகிறோம். அப்படியும் ஏன் சாக்கடைக்குள் ஆள் சாகிறான், போட்ட சாலை ஒரு மழைக்குத் தாங்குவதில்லை, ஏழை சொல்வதைக் கேட்க ஆளில்லை? தப்பு அரசியல்வாதியிடமா, அதிகாரியிடமா, நம்மிடமா?"

மூன்று பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். அதில் ஒரு சௌகரியம் உண்டு, யாரையும் குறிப்பாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தவரை விஷயம் இன்னும் குறுகலானது. நம் நிர்வாகத்தில் ஒரு புகார் எல்லா மேசையையும் சுற்றிவிட்டு, யார்மீது புகாரோ அவர் மேசையிலேயே வந்து இறங்குகிறது. வேலை நடக்கவில்லை என்றால் அதன் நஷ்டம் முழுவதும் மனு கொடுத்தவருக்குத்தான். மனுவை வாங்கி வைத்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. லஞ்சம், அலட்சியம், தாமதம் எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள்தான் செழிப்பாக வளர்கின்றன.

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். ஆட்சியர் மனுவை வாங்குவார், இரண்டு வரி படிப்பார், பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். மனுவுக்கு எண் விழும். பட்டா மாறுதல் பற்றிய மனு என்றால் அது கோட்டாட்சியருக்குப் போகும், அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரிடம் அறிக்கை கேட்டு வரும். அந்த வி.ஏ.ஓ. காரணமில்லாமல் இழுத்தடிக்கிறார் என்பதுதான் மனுவே! அவர் நான்கு வரி எழுதுவார், அதன்மேல் வரிசையாகக் கையெழுத்துகள் விழும், "மனு பரிசீலிக்கப்பட்டு முடிவு செய்யப்பட்டது" என்று கணினியில் ஏறிவிடும். அந்த மாவட்டத்தின் புள்ளிவிவரத்தில் இது தீர்த்துவைக்கப்பட்ட குறை.

இதன் கொடூரமான முகத்தை 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பார்த்தோம். கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நான்கு பேருமே பிழைக்கவில்லை. முன்பே பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003லிருந்தே இருக்கிறது. அந்த நான்கு சாவுகளுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் என்ன? ஆட்சியர் அலுவலக வாசலில் மனு கொடுக்க வருபவர்களின் பைகளைப் போலீஸ் சோதனை போடுகிறது, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. முந்தைய மனுக்கள் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தன என்ற சோதனையைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

மனு வாங்குவதில் நம் ஆட்சிகளுக்குக் குறையே கிடையாது. அ.தி.மு.க. ஆட்சியில் அம்மா திட்ட முகாம்கள் நடந்தன. தி.மு.க. ஆட்சியில் மக்களுடன் முதல்வர், அப்புறம் உங்களுடன் ஸ்டாலின். முகாமில் சிலருக்கு உடனே வேலை முடிகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருமானச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ முதல்வர் பெயரில் பந்தல் போட வேண்டியிருக்கிறது என்றால், வருஷம் முழுவதும் சம்பளம் வாங்கிக்கொண்டு திறந்திருக்கும் தாலுகா அலுவலகம் எதற்கு? முகாமில் குவிந்த லட்சக்கணக்கான மனுக்களைச் சாதனையாக விளம்பரம் செய்கிறார்கள். அவ்வளவு குறைகள் கீழே தீராமல் தேங்கிக் கிடந்தன என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

சரி, மனுவே வேண்டாம், நம் வார்டு கவுன்சிலரைக் கேட்கலாம் என்றால் அவர் கையில் என்ன இருக்கிறது? சென்னையில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை மாநகராட்சியுடையது. அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. அது 1978இல் தொடங்கப்பட்டு மாநில அரசின் கீழ் இயங்கும் தனி நிறுவனம். கேபிள் மின்வாரியத்துடையது. கொஞ்சம் தள்ளியிருக்கும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். ஒருவர் தார் போட்டதும் இன்னொருவர் தோண்டுகிறார், மூடாமல் விட்ட பள்ளத்தில் விழுந்தவருக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது என்றே தெரியாது. மாநகராட்சிக்குள் மட்டும் என்ன? நாம் ஓட்டுப் போட்டு வந்த கவுன்சிலரும், கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயரும் தீர்மானம் போடலாம். நிர்வாகம் ஆணையர் கையில். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் கோட்டை.

அரசமைப்புச் சட்டம் இப்படி இருக்கச் சொல்லவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம், நகர அமைப்புகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலே போட்டுக் கொடுத்தது. நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, பொதுச் சுகாதாரம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒப்படைப்பதா வேண்டாமா என்ற முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. டெல்லி அதிகாரத்தைக் கொடுப்பதில்லை என்று மாநிலங்கள் புலம்புவது நியாயம்தான், ஆனால் அதே மாநிலங்கள் தமக்குக் கீழே இருப்பவர்களிடம் அதே கஞ்சத்தனத்தைக் காட்டுகின்றன. தேர்தலைக்கூட நேரத்துக்கு நடத்துவதில்லை. சென்னை மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் 2019இன் தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா இரண்டும் வந்து போயின. அந்த ஐந்து வருஷமும் ஒரு வார்டில்கூட, தெருமுனையில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய கவுன்சிலர் கிடையாது. பெங்களூரில் 2020 செப்டம்பருக்குப் பிறகும், மும்பையில் 2022 மார்ச்சுக்குப் பிறகும் இதே கதை வருஷக்கணக்கில் ஓடியது. பணம் பற்றி ஒன்றே ஒன்று: நாட்டின் எல்லா நகராட்சிகளின் வருவாயையும் கூட்டினாலும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான் தேறும்.

இதுவரை சொன்னது கேட்க ஆளில்லாத கதை. இதைவிட மோசமானது ஒன்று உண்டு, கணக்கிலேயே இல்லாமல் போவது.

2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இரண்டு பதில்கள் வந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவமனை வாசலில் சிலிண்டருக்கு அலைந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று, கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்ததாகத் தகவல் எதுவும் இல்லை என்றது. காகிதப்படி அந்தப் பதிலில் பொய்யே இல்லை! 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உலர் கழிப்பறையில் மலம் அள்ளுவது ஒரு வகை, பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது வேறு வகை. விஷவாயு தாக்கிச் செத்தவர்கள் இரண்டாவது பத்தியில் இருக்கிறார்கள். முதல் பத்தியைப் பற்றிக் கேட்டால் பூஜ்யம் என்று பதில் வரும்.

இந்தத் தொழிலுக்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இறப்புகள் நிற்கவில்லை. பதிவான இறப்புகளின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது, சமூகநீதி பேசும் நமக்கு இது உறைக்க வேண்டும். இறங்குபவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் இங்கே அருந்ததியர்கள். வேலை எப்படிக் கைமாறுகிறது என்று கவனித்தால் ஏன் நிற்கவில்லை என்பது புரிந்துவிடும். நகராட்சி ஒப்பந்ததாரரிடம் விடுகிறது, அவர் உள்குத்தகைக்கு விடுகிறார், அவர் மேஸ்திரியிடம் சொல்கிறார், மேஸ்திரி காலையில் டீக்கடையில் நிற்பவரைக் கூப்பிடுகிறார். சாவு விழுந்தால் வழக்கு மேஸ்திரியில் தொடங்கி, பெரும்பாலும் மேஸ்திரியிலேயே முடிகிறது. இயந்திரம் வாங்காமல் விட்ட அதிகாரியின் பெயர் எஃப்.ஐ.ஆரில் வருவது அபூர்வம். நிவாரணத் தொகையும் பெரும்பாலும் யார் பையிலிருந்தும் போவதில்லை, நம் வரிப்பணம்தான்.

கணக்கில் விடுபடுவதற்குப் பெரிய அளவில் ஒரு உதாரணமும் இருக்கிறது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 50 சதவீதம் பேருக்கும் மலிவு விலையில் தானியம் உரிமை என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அது சுமார் 81 கோடிப் பேர். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். ஆக, மக்கள்தொகை கூடிக்கொண்டே போக, உச்சவரம்பு மட்டும் 2011இலேயே நிற்கிறது. புதிதாகக் குடும்பமானவர்கள் யாராவது நீக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாடு தன் செலவில் எல்லோருக்கும் ரேஷன் என்று வைத்திருப்பதால் இந்த வலி நமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே கட்டட வேலைக்கு வந்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தண்டனை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான படிக்கட்டு, மேலே கீற்றுக் கூரை, அதையும் மீறி அரசு அங்கீகாரம். தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆனது. விசாரணையை எதிர்கொண்ட 21 பேரில் 11 பேர் விடுதலை ஆனார்கள். குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தபோது, ஒரு பக்க வடத்தின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்பே துருப்பிடித்திருந்தன என்று விசாரணைக் குழு சொன்னது. இரண்டு இடத்திலும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் இருந்தது. பார்க்கும் கடமை உள்ளவருக்குப் பார்க்காமல் இருந்தால் நஷ்டமில்லை, அவ்வளவுதான்.

இனி "நம்மிடமா?" என்ற பாகத்துக்கு வருகிறேன். மக்களுக்குக் குடிமை உணர்வு போதாது என்ற பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை. குப்பைத்தொட்டி இல்லாத தெருவில் குப்பை போடுபவரைத் திட்டுவது சுலபம். நம்மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு வேறு. குரல் உள்ளவர்கள் எல்லோரும் மெல்ல மெல்ல அரசிடமிருந்து விலகிப் போய்விட்டோம். பிள்ளைகள் தனியார் பள்ளியில், உடம்புக்கு வந்தால் தனியார் மருத்துவமனையில், குடிக்கக் கேன் தண்ணீர், மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், பாதுகாப்புக்கு வாசலில் ஒரு வாட்ச்மேன். அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால் அது தாசில்தாரின் பிரச்சினையும் இல்லை, எம்.எல்.ஏ.வின் பிரச்சினையும் இல்லை, நம் பிரச்சினையும் இல்லை. அங்கே பிள்ளையை அனுப்பும் கூலித் தொழிலாளியின் பிரச்சினை மட்டுமே. அவர் ஒருநாள் கேட்கப் போனால் அன்றைய கூலி போய்விடும்.

கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் செலவிட வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் இலக்கு என்கிறது. சுகாதாரத்துக்கு 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017இன் தேசியச் சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22இல், அதுவும் கொரோனா காலத்தில், அது 1.84 சதவீதம். அதே ஆண்டு நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய 39 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது. இந்த எண்களுக்காக இந்தியாவில் எந்த ஆட்சியும் கவிழ்ந்ததில்லை. கவிழ்க்கக்கூடியவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பறையில் இல்லை.

புறக்கணிப்பு எந்தத் திசையில் போய்க் குவிகிறது என்பதற்குச் சென்னையே வரைபடம் மாதிரி இருக்கிறது. அனல்மின் நிலையங்களும் சாம்பலும் எண்ணூரில். பாதி நகரத்தின் குப்பை கொடுங்கையூரில், மீதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தது. இரண்டுக்கும் நடுவே எண்ணூர் மீனவர்கள் கையால் எண்ணெயை வழித்து எடுத்துக்கொண்டிருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். கூவம் கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லிக் குடிசைகளைப் பிரித்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். செம்மஞ்சேரி தாழ்வான இடம், மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் போன இடங்கள் எல்லாம் பழைய ஊருக்குள் இருந்துவிட்டன.

அப்படியானால் இந்த அரசால் எதுவுமே முடியாதா? முடியும், அதுதான் கோபத்தைக் கூட்டுகிறது. இளம்பிள்ளை வாதத்தை ஒழித்திருக்கிறோம். கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் சான்று கிடைத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தமிழ்நாட்டின் பிரசவ மரண ஆய்வு. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். வலி எப்போது வந்தது, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, ரத்தம் இருந்ததா என்று ஒவ்வொரு சாவையும் பிரித்துப் பார்ப்பார்கள். கூட்டத்தில் சம்பந்தப்பட்ட மருத்துவர் பதில் சொல்ல வேண்டும். 2018-20 காலகட்டத்தில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. கேரளம் இன்னும் கீழே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே ஊழியர்கள், இதே சம்பளம், இதே அரசியல்வாதிகள்தான். ஆனால் ஒவ்வொரு சாவும் எண்ணப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒருவர் நிறுத்தப்படுகிறார். சாக்கடைச் சாவுக்கு இப்படி ஒரு கூட்டம் நடத்த எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

அதனால் "குடிமகன் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டால், இன்னொரு மனு எழுதாதீர்கள், முதல் மனு எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள் என்பேன். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் ஒரு வரியில் மழுப்புவார்கள். இந்த எண் கொண்ட என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, அவர் பெயர், பதவி, அவரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். சாலை என்றால் பணி ஆணை, மதிப்பீடு, அளவுகளைப் பதிந்த எம்-புக், ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எப்போது முடிகிறது என்பவற்றின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே தகவல் ஆணையம். நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலருக்கு அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் போடுவது குறைவு, ஆணையங்களில் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு, "தனிப்பட்ட விவரம்" என்று சொல்லி மறுக்கும் வழியை இன்னும் அகலமாக்கிவிட்டது. அப்படியும், பெயர் கேட்ட மாத்திரத்தில் நகர்ந்த கோப்புகள் நிறைய உண்டு.

தனியாகக் கேட்பதைவிடக் கூடிக் கேட்பது பலன் தரும். தகவல் உரிமைச் சட்டமே அப்படிப் பிறந்ததுதான். 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் கூலி சரியாகக் கிடைக்காத தொழிலாளர்கள், அருணா ராய் முதலானோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்போடு சேர்ந்து, யாருக்கு எவ்வளவு கூலி போனது என்ற பதிவேடான மஸ்டர் ரோலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயரில் கூலி போயிருந்தது ஊருக்கே கேட்டது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்க வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே வாசிக்கச் சொல்லலாம். பத்துப் பேர் சேர்ந்து நகலோடு போனால் வாசித்தே ஆக வேண்டியிருக்கும்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்கவும் ஒரு விஷயம் இருக்கிறது. 2010இல் மத்தியப் பிரதேசம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்ன சான்றிதழ் இத்தனை நாளில், தாமதமானால் அந்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 வரை அபராதம், அந்தப் பணத்தை மனுதாரருக்கே நஷ்டஈடாகக் கொடுக்கலாம். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், அபராதம் போடுவதும் மேலதிகாரியே என்பதால் அங்கேயும் பழைய நோய் உண்டு. ஆனால் இலவசமாக என்ன தருவீர்கள் என்று கேட்பதோடு, என் மனு 31ஆம் நாளும் கிடந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வேட்பாளர்களிடம் அதற்குத் தயார் பதில் இருக்காது.